கேமரா மதுரையில், புத்தகம் நாக்பூரில்

அவனியாபுரம், மதுரை
12.6.2005

அன்புள்ள ஸ்யாமளாவுக்கு,

ராதாமணி எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் நல்லபடியாக நாக்பூர் போய்ச் சேர்ந்தீர்களா? லாரியில் போன சாமான்கள் உடையாமல் வந்தனவா? அங்கே வெயில் இங்கேயுள்ளதைவிட மோசம் என்று பேப்பரில் போட்டிருந்தான். தண்ணீர் நிறையக் குடி.

நலம் விசாரித்தாயிற்று. இனி சண்டை.

டிஜிட்டல் கேமரா வந்த அட்டைப்பெட்டியைத் திறந்தேன். சார்ஜர் இருக்கிறது, வயர் இருக்கிறது, தோளில் மாட்டும் வார் இருக்கிறது. விளக்கப் புத்தகத்தை மட்டும் காணோம். மேஜை, பீரோ, அலமாரி எல்லாம் தேடிவிட்டு உட்கார்ந்தபோதுதான், “வீட்டில் வைத்துப் படிக்கிறேன்” என்று நீ பையில் போட்டுக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. அது உன் இட்லிப் பானையோடு லாரி ஏறி நாக்பூர் போய்விட்டது. கேமரா இங்கே, புத்தகம் அங்கே. நன்றாகத்தான் பங்கு பிரித்துக்கொண்டோம்.

பெண்கள் கூச்சமில்லாமல் வந்து படம் எடுத்துக்கொள்ள ஒரு ஸ்டுடியோ என்று நாம் இருவரும் ஆரம்பித்தபோது இந்தத் தெருவில் சிரித்தவர்கள், நீ மாற்றலாகிப் போனதும் மறுபடி சிரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். பிலிம் கேமராவாக இருந்தால் எனக்குப் பயமில்லை. நீ விளக்கு வைப்பாய், நான் எடுப்பேன், மற்றதை லேப்காரர் பார்த்துக்கொள்வார். இந்தப் புதுக் கேமராவோ என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. போன வாரம் ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு எடுத்தேன். பிள்ளை குங்குமத்தில் புரண்டெழுந்தது மாதிரி சிவந்திருக்கிறது. அதன் பெரியம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, எடுக்கையில பிள்ளைக்குக் காய்ச்சலா?” என்று கேட்டுவிட்டார். அவர் கட்டியிருந்த கடுகு நிறப் பட்டு ஆரஞ்சுப் பழமாக வந்திருக்கிறது.

விற்ற கடைக்காரரிடம் போன் செய்தால், “நாங்க செட் பண்ணித்தான் குடுத்திருக்கோம், அதைத் தொடாதீங்க” என்கிறார். தொடாமல் எப்படி இருப்பது? மெனுவுக்குள் போனால் பாராமீட்டர்ஸ் என்று ஒன்று வருகிறது. அதற்குள் கான்ட்ராஸ்ட், ஷார்ப்னெஸ், சாச்சுரேஷன், கலர் டோன் என்று நாலு கோடு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சுழியம், ஒரு பக்கம் கூட்டல், ஒரு பக்கம் கழித்தல். எதை எங்கே தள்ளினால் என்ன ஆகும் என்று யார் சொல்வது?

புத்தகத்தை அனுப்பாதே. அனுப்பினாலும் அந்த இங்கிலீஷ் என்னோடு பேசாது. நீ படி, படித்ததைத் தமிழில் எழுது. நான் செய்து பார்த்துப் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். போனில் பேசலாமே என்பாய். படத்தைக் காதால் பார்க்க முடியுமா? ஈமெயிலும் வேண்டாம். பிரவுசிங் சென்டரில் ஒரே படம் ஒரு கம்ப்யூட்டரில் நீலமாகவும் பக்கத்துக் கம்ப்யூட்டரில் மஞ்சளாகவும் தெரிகிறது. காகிதத்தில் வந்ததைத்தான் நான் நம்புவேன்.

என் வீட்டுக்காரர் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். கப்பலூர் கம்பெனியில் அவருக்கு இந்த மாதம் முழுக்கக் காலை ஷிப்ட்.

உன்
ராதாமணி


நாக்பூர்
20.6.2005

என் ராதா,

உன் சண்டை வந்து சேர்ந்தது. இந்த ஊரில் எனக்கு வந்த முதல் தபால் அது என்பதால் மூன்று தடவை படித்தேன்.

சாமான்கள் பத்திரம். நான்தான் கொஞ்சம் உடைந்திருக்கிறேன். இவர் ஒன்பது மணிக்குப் பாங்குக்குக் கிளம்பிப் போனால் சாயங்காலம் வரை வீட்டில் என் குரலையே நான் கேட்பதில்லை. காய்காரியிடம் என் ஹிந்தியைக் காட்டினால் அவள் மராத்தியில் சிரிக்கிறாள். அதனால் கேமரா புத்தகம் எனக்குத் துணையாகிவிட்டது. கேமராவே இல்லாமல் கேமரா புத்தகம் படிக்கிற ஒரே ஆள் இந்தியாவில் நானாகத்தான் இருப்பேன்.

இப்போது பாடம். பிலிமில் நிறத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் லேப்காரர் வேலையாக இருந்தது இல்லையா? இதில் அந்த லேப்காரர் கேமராவுக்குள்ளேயே குடிவந்துவிட்டார். நீ பட்டனை அழுத்தியதும் அவர் படத்தை வாங்கி, நிறமேற்றி, ஓரங்களைக் கூராக்கி, சுருக்கி, கார்டில் வைத்துவிடுகிறார். உன் கைக்கு வருவது அவர் கைபட்ட படம். அந்த நாலு கோடும் அவருக்கு நாம் போடும் உத்தரவு.

கான்ட்ராஸ்ட் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே உள்ள தூரம். கூட்டினால் வெள்ளை இன்னும் வெள்ளையாகும், கருப்பு இன்னும் கருப்பாகும், இடையில் இருப்பவை காணாமல் போகும். ஷார்ப்னெஸ் ஓரங்களை அழுத்தி வரைவது. சாச்சுரேஷன் நிறத்தின் திடம், காபியில் டிக்காஷன் மாதிரி. கலர் டோன் தோலுக்கு மட்டும்: ஒரு பக்கம் தள்ளினால் சிவப்பு, மறுபக்கம் மஞ்சள்.

கடைக்காரர் பாராமீட்டர்ஸை ஒன்றாம் எண்ணில் வைத்திருப்பார். அதில் முதல் மூன்று கோடும் ஒரு படி ஏற்றியே வருகின்றன, பார்த்ததும் பளிச்சென்று இருக்கட்டும் என்று. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது அதனால்தான். இரண்டாம் எண்ணுக்கு மாற்று. அதில் எல்லாம் சுழியம். அதற்குக் கீழே மூன்று இடம் காலியாக விட்டிருக்கிறான். நமக்குப் பிடித்த அளவை அங்கே நாமே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று ஒயிட் பேலன்ஸ். எது வெள்ளை என்று கேமராவுக்குத் தெரியாதாம், ஊகித்துக்கொள்கிறதாம். நம் ஸ்டுடியோவிலோ ட்யூப்லைட், போதாததற்கு நாம் ஆசைப்பட்டு அடித்த கிளிப்பச்சைச் சுவர். எப்படிச் சரியாக ஊகிக்கும்? முகம் இருக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, படம் முழுக்கத் தாளாகவே ஒன்று எடு. பிறகு மெனுவில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் என்பதில் அந்தப் படத்தைக் காட்டு. ‘இதுதான் வெள்ளை, தெரிந்துகொள்’ என்று சொன்ன மாதிரி.

லேப்காரர் கைபடாமலே படத்தை வைக்க ‘ரா’ என்று ஒரு வழியும் இருக்கிறது. அதைத் திறக்கத் தனி சாப்ட்வேர் வேண்டுமாம். அதை இப்போதைக்கு மறந்துவிடு.

செய்து பார்த்து எழுது. சீக்கிரம் எழுது.

அன்புடன்
ஸ்யாமளா


அவனியாபுரம்
5.7.2005

அன்புள்ள ஸ்யாமளா,

உள்ளே இருந்த லேப்காரர் வழிக்கு வந்துவிட்டார்.

நீ சொன்னபடி இரண்டாம் எண்ணில் வைத்தேன். வெள்ளைத் தாள் காட்டினேன். மாடலுக்கு ஆள் இல்லாததால் நானே ஸ்டூலில் உட்கார்ந்து, ஷிப்ட் முடிந்து வந்த அவரைப் பட்டனை அழுத்தச் சொன்னேன். ஒவ்வொரு கோடாகத் தள்ளித் தள்ளி எடுக்க வைத்தேன். “நம்ம கல்யாணத்துக்குக்கூட உன்னை இம்புட்டுப் படம் எடுக்கலையே” என்றார். கடைசியில் சாச்சுரேஷனை ஒரு படி ஏற்றி, கான்ட்ராஸ்டை சுழியத்தில் விட்டு, டோனைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளியதும் என் முகம் என் முகமாகவே வந்தது. அதைக் காலி இடத்தில் முதலாவதாகப் பதிந்து வைத்தேன். பிரிண்ட் இத்துடன் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே இருக்கும் சுருக்கமும் நிஜம்தான், சிரிக்காதே.

அந்தப் பிறந்தநாள் குழந்தையை மறுபடி வரவழைத்து எடுத்துக் கொடுத்தேன். அதன் பெரியம்மா வாங்கிப் பார்த்தார். படத்தை முந்தானையால் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டார். எனக்கு அது போதும்.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் சந்தோஷமாக முடிந்திருக்கும். நேற்று அன்னக்கொடி என்று ஒரு பெண் வந்தாள். வாடிப்பட்டியைத் தாண்டி ஒரு கிராமம். மதுரையில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. விசாவுக்கு அனுப்பிய போட்டோ இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டதாம். பாஸ்போர்ட்டில் இருக்கும் முகத்தோடு இது ஒத்துப்போகவில்லை என்று ஏஜென்ட் எழுதியிருக்கிறான்.

அந்த இரண்டு படத்தையும் மேஜையில் வைத்தாள். நல்ல கருப்பு அவள். படத்திலோ சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு முகம், மூக்கின் ஓரமே தெரியவில்லை. கம்ப்யூட்டரில் போட்டு வெளுக்க வைத்திருக்கிறார்கள். அவள் கேட்காமலே செய்தார்களாம், உபகாரம் என்று நினைத்து.

“நான் எடுத்துத் தர்றேம்மா” என்று தைரியமாக உட்கார வைத்தேன். விசா படத்துக்குப் பின்னால் வெள்ளைத் திரைதான் இருக்க வேண்டுமாம். போட்டேன், எடுத்தேன். ஸ்யாமளா, திரை பளிச்சென்று இருக்கிறது, அவள் முகம் இருட்டாக இருக்கிறது. கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிறது. லேப்பில் கொடுத்து ஏற்றச் சொன்னேன். சாம்பல் பூசிய மாதிரி வந்தது. கோடுகளை மாற்றி மாற்றி எடுத்தேன். ஒன்றில் ஊதா, ஒன்றில் செங்கல்.

அவள் கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “விடுங்கக்கா, என் முகத்துக்கு இப்படித்தான் வரும். ஸ்கூல் படத்துலயும் இப்படித்தான்” என்றாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, “அழகால்லாம் வேணாம்க்கா. நான் மாதிரி இருந்தாப் போதும்” என்றாள்.

ஆகஸ்ட் கடைசிக்குள் படம் போய்ச் சேராவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். புத்தகத்தில் தேடு. ஏதாவது இருக்கும்.

ராதாமணி


நாக்பூர்
14.7.2005

என் ராதா,

உன் படம் கிடைத்தது. சுருக்கம் உட்பட நீயேதான். அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறேன்.

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மறுபடி படித்தேன். மாதிரிப் படம் என்று எங்கே திருப்பினாலும் தொப்பி போட்ட ஒரே வெள்ளைக்காரப் பெண்தான் சிரிக்கிறாள். அவளுக்கு எல்லா அளவும் பொருந்துகிறது. அன்னக்கொடி மாதிரி ஒருத்தியை எப்படி எடுப்பது என்று ஒரு வரி இல்லை.

ஆனால் வேறு இடத்தில் ஒரு விஷயம் கிடைத்தது. கேமரா தன் முன்னால் எது இருந்தாலும் எல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளுமாம். வெள்ளைத் திரை பெரிதாக இருந்தால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று எண்ணி மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும். அதாவது அவள் முகத்தில் குறை இல்லை. திரையைப் பார்த்துக் கேமரா பயந்துவிட்டது. கூட்டல் கழித்தல் போட்ட ஒரு சின்னப் பட்டன் மேலே இருக்கும் பார். அதை அழுத்திக்கொண்டு சக்கரத்தைக் கூட்டல் பக்கம் திருப்பினால் கேமரா நினைப்பதைவிட அதிக வெளிச்சம் வாங்கலாம். எவ்வளவு என்று புத்தகம் சொல்லாது. நீதான் பார்க்க வேண்டும்.

முடிந்தால் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டுக் கிழக்கு ஜன்னலைத் திற. இது புத்தகத்தில் இல்லை, நான் சொல்வது.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. இவருக்கு இனி மதுரைப் பக்கம் மாற்றல் வராது என்று தெரிந்துவிட்டது. “கண்ணால பாக்க முடியாத கடையில உனக்கு என்ன பங்கு வேண்டியிருக்கு? நீ இங்க உக்காந்துண்டு, அவ அங்க ஒண்டியாக் கஷ்டப்படறது நியாயமே இல்லை. பேரை எடுத்துடச் சொல்லி எழுதிடு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சரியென்றே நினைத்துச் சொன்னார். எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன்.

ஸ்யாமளா


அவனியாபுரம்
27.7.2005

ஸ்யாமளாவுக்கு,

உன் பங்கைப் பற்றி நீ எழுதியதற்கு இந்தக் கடிதத்தில் பதில் கிடையாது. இது அன்னக்கொடியின் கடிதம்.

ஆடி பிறந்துவிட்டதால் கல்யாண வேலை எதுவும் இல்லை. ஸ்டுடியோ சும்மாதான் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை வரச் சொன்னேன். ஊரிலிருந்து வந்திருந்த தன் அம்மா ராமக்காளையும் கூட்டி வந்திருந்தாள். ட்யூப்லைட்டை அணைத்தேன். கிழக்கு ஜன்னலைத் திறந்தேன். பச்சைச் சுவர் முழுக்க வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு மறைத்தேன். தாளைக் காட்டி வெள்ளையைச் சொல்லிக் கொடுத்தேன். சக்கரத்தைக் கூட்டல் பக்கம் ஒரு சுற்றுத் திருப்பி எடுத்தேன்.

முகம் வெளியே வந்தது. ஆனால் நெற்றியும் மூக்கு நுனியும் வெள்ளையாகப் பொசுங்கிவிட்டன. கன்னம் மஞ்சளித்து, மருதாணி காய்ந்த மாதிரி இருந்தது. சக்கரத்தைக் குறைத்தால் பழைய இருட்டு. என்னடா இது என்று கேமராவைத் திருப்பி மெனுவைப் பார்த்தேன். அப்போதுதான் பொட்டில் அடித்த மாதிரி உறைத்தது. கேமரா நான் பதிந்து வைத்த அளவிலேயே இருந்தது; அன்று கோடுகளை மாற்றியதும் அதிலிருந்து தொடங்கித்தான். சாச்சுரேஷன் ஏற்றி, டோன் மஞ்சள் பக்கம் தள்ளி, எல்லாம் என் முகத்தை ஸ்டூலில் வைத்துச் சரிபார்த்தவை. தொப்பிக்காரியை வைத்துப் புத்தகம் எழுதியவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் சொல்லு. என் அளவை வைத்துக்கொண்டு அவள் முகம் சரியில்லை என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு கேமராவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். நாம் கருப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஜன்னல் பக்கக் கன்னத்தில் செம்பு நிறம் ஓடுகிறது, தாடைக்குக் கீழே நாவல்பழம், நெற்றியில் வானம் கொஞ்சம் விழுந்திருக்கிறது. இவை எல்லாம் வர வேண்டும், எதுவும் எதையும் விழுங்கக் கூடாது. அப்படியென்றால் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள தூரம் குறைய வேண்டும். கான்ட்ராஸ்டைக் கழித்தல் பக்கம் தள்ளினேன், கடைசி வரை. இப்போது சக்கரத்தைத் தைரியமாகக் கூட்டினேன். ஷார்ப்னெஸையும் ஒரு படி குறைத்தேன், தோல் சொரசொரப்பாகத் தெரியாதபடி. டோனைத் தொடவே இல்லை.

எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் பார்த்தேன். உடனே அவளிடம் காட்டாமல் கொஞ்சநேரம் நானே வைத்துக்கொண்டேன்.

ராமக்காள் எட்டிப் பார்த்தாள். “இந்தா, இதுதான் எம் மக. முந்தி எடுத்ததெல்லாம் எவளோ ஒருத்தி” என்றாள். அன்னக்கொடி பக்கத்தில் வந்தாள். கேமராவை இரண்டு கையாலும் வாங்கி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதோடு முடியவில்லை. கார்டை லேப்புக்குக் கொண்டுபோனேன். பிரிண்ட் வந்தது, மறுபடி சுண்ணாம்பு. மெஷின்காரரைப் பிடித்துக் கேட்டேன். விஷயம் என்னவென்றால், கருப்பு முகம் வந்தாலே மெஷினில் உட்கார்ந்திருப்பவர் பழக்கத்தில் தானாகவே இரண்டு படி ஏற்றிவிடுகிறார்.

“கஸ்டமர் கேப்பாங்கக்கா, வெளுப்பா இல்லைன்னா வாங்க மாட்டாங்க” என்றார்.

“இந்தக் கஸ்டமர் கேக்க மாட்டாண்ணே. நீங்க ஒன்னையும் ஏத்த வேணாம், இறக்க வேணாம். கார்டுல இருக்கபடி வரட்டும்.”

“நல்லா இல்லைன்னா என்னையச் சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன். நான் இங்கனயே நிக்கிறேன்.”

மெஷின் பக்கத்திலேயே நின்றேன். தாள் சூடாக வெளியே வந்தது. அவரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நல்லாத்தாங்க்கா இருக்கு” என்றார், தனக்கே ஆச்சரியமாக.

படம் மறுநாளே ஏஜென்டுக்குப் போய்விட்டது. இனி அவர்கள் பாடு.

ராதாமணி


அவனியாபுரம்
18.9.2005

அன்புள்ள ஸ்யாமளா,

ஜூலையில் போட்ட கடிதத்துக்கு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமா, உடம்புக்கு முடியவில்லையா என்று தெரியாமல் எழுதுகிறேன். எதுவாக இருந்தாலும் இந்தச் செய்தியைப் படித்ததும் சரியாகிவிடும்.

படத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. விசா வந்துவிட்டது. அன்னக்கொடி போன வெள்ளிக்கிழமை விமானம் ஏறிவிட்டாள். நம் ஏர்போர்ட்டிலிருந்துதான் சென்னை போனாள். வழியனுப்ப ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள். ராமக்காள் அழுதுகொண்டே எல்லோரிடமும் என்னைக் காட்டி, “இவுகதான் படம் எடுத்தவுக” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரைக் காட்டுவது மாதிரி. நானும் டாக்டர் மாதிரியே நின்றேன்.

அவள் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுக்கு மனுப் போட்டிருக்கும் நர்ஸ்கள் எல்லோரும் இப்போது நம்மிடம்தான் வருகிறார்கள். டூட்டி முடிந்து யூனிபார்மோடு ஷேர் ஆட்டோவில் மொத்தமாக வந்து இறங்குகிறார்கள். தெரு திரும்பிப் பார்க்கிறது. வருகிற ஒவ்வொருத்திக்கும் கோடுகளைப் புதிதாகத்தான் வைக்கிறேன். மாநிறத்துக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று மூன்று காலி இடத்தையும் பதிந்து வைத்துக்கொள்ளலாமே என்று அவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். ஆளைப் பார்த்துத்தான் வைப்பேன்.

இதைக் கேள். ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு அம்மா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டுமாம். “கொஞ்சம் வெளுப்பாக் காட்டிவிடுங்க” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, “அவுக வந்து என்னையத்தானம்மா பாக்கப் போறாக? இருக்கபடி எடுங்கக்கா” என்றாள். எடுத்தேன். கல்யாணமும் முடிந்து, அந்தக் கல்யாணப் படமும் நாமே எடுத்தோம். எதிர்க் கடை ஸ்டுடியோக்காரர், நம்மைப் பார்த்து அதிகம் சிரித்தவர், நேற்று மாடியேறி வந்து டீ குடித்துவிட்டு, “என்ன செட்டிங்மா வைக்கிறீங்க?” என்று மெதுவாகக் கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன். அவர் கடைக்குப் போகிற முகங்களும் நன்றாக வரட்டுமே.

இப்போது உன் பங்கு. பிரித்துத் தர மாட்டேன். உன் பெயரை எடுக்கவும் மாட்டேன். உன் வீட்டுக்காரர் நான் ஒண்டியாகக் கஷ்டப்படுவதாகச் சொன்னாராமே. ஒண்டியாக எங்கே இருந்தேன்? திரையைப் பார்த்துக் கேமரா பயந்துவிட்டது என்று எனக்கு எழுதியது யார்? கிழக்கு ஜன்னலைத் திற என்றது யார்? கண்ணால் பார்க்காமலே நீ அந்த அறையில் விளக்கு வைத்தாய். அவருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. அதனால் அன்னக்கொடியின் சம்மதத்தோடு மூன்று படங்களை இத்துடன் வைக்கிறேன். இரண்டு மற்றவர்கள் எடுத்தவை, ஒன்று நாம் எடுத்தது. அவர் கண்ணில் படும் இடத்தில் வை. நீ எதுவும் சொல்ல வேண்டாம்.

உன் பதிலை எதிர்பார்க்கிறேன் என்று எழுத மாட்டேன். நீ போடுவாய்.

ராதாமணி


நாக்பூர்
16.10.2005

என் ராதா,

போட்டுவிட்டேன், பார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபமும் இல்லை. உன் ஜூலைக் கடிதத்தைப் படித்த அன்று, நான் விட்டுவிட வேண்டியது எது என்று எனக்கு முழுசாகத் தெரிந்துபோயிற்று. விடுகிறேன் என்று எழுதக் கை வரவில்லை. விட மாட்டேன் என்று எழுதத் தைரியம் வரவில்லை. அதனால் பேனாவையே எடுக்கவில்லை.

நீ அனுப்பிய மூன்றையும் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். இவர் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்.

“யார் இவா மூணு பேரும்?” என்றார்.

“ஒருத்திதான்.”

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நான் எதுவும் சொல்லாமலே நாம் எடுத்ததை மட்டும் தனியே வைத்தார். “இவதான் மனுஷியா இருக்கா” என்றார். பிறகு கை அலம்பிக்கொண்டு வந்து, என்னைப் பார்க்காமல், “நம்ம கல்யாண ஆல்பத்தை நான் ஏன் திறக்கறதே இல்லேன்னு உனக்குத் தெரியுமோ? அதுல உன் பக்கத்துல உக்காந்திண்டிருக்கறது நான் இல்லை. எவனோ பவுடர் பூசிண்டவன்” என்றார். இவர் கருப்பு என்பதை நான் ஒருநாளும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை, ராதா. இவர் நினைத்திருக்கிறார், இத்தனை வருஷமாக, வாய் திறக்காமல்.

அதற்கடுத்த சனிக்கிழமை பாங்கில் கூட வேலை செய்பவரிடம் கேட்டு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி வந்தார். நம்முடையது மாதிரியே, அதைவிடப் புதுசு. “புஸ்தகத்தைப் படிச்சுண்டே இருந்தாப் போறுமா? எடு” என்று சொல்லி வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் நீ எழுதிய அளவுகளை அப்படியே வைத்தேன். சரிவரவில்லை. இங்கே வெயில் வேறு, வராந்தாச் சுவர் மஞ்சள், இவர் சட்டை வெள்ளை, திரை கிடையாது. கான்ட்ராஸ்டைக் கடைசி வரை குறைத்தால் முகம் தட்டையாகிவிட்டது. ஒரு படி மட்டும் குறைத்தேன். சக்கரத்தை நீ திருப்பியதில் பாதிதான் திருப்பினேன். சாச்சுரேஷனைக் கொஞ்சம் இறக்கினேன், சுவரின் மஞ்சள் தாடையில் ஏறாதபடி. இவரை நாற்காலியோடு தூணுக்கு அந்தப் பக்கம் நகரச் சொன்னேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். அலுத்துக்கொள்ளாமல் நகர்ந்தார். புத்தகத்தை நான் திறக்கவே இல்லை.

பிரிண்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “அம்மாக்கு ஒண்ணு அனுப்பணும்” என்றார். அவ்வளவுதான். இவர் அகராதியில் அது பெரிய வார்த்தை.

மாடி வீட்டுப் பள்ளிக்கூட டீச்சர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் பெண்களைக் கூட்டி வந்தார். அவர் யாரிடமோ சொல்ல, தீபாவளிக்கு முன்னால் எடுத்துத் தரச் சொல்லி இன்னும் நாலு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். இரவல் கேமராவை எத்தனை நாள் வைத்துக்கொள்வது? பங்கை விடுகிற பேச்சை இவர் மறுபடி எடுக்கவில்லை. மாறாக, முன்னறையில் கிடந்த கட்டிலைத் தானே இழுத்து உள்ளே போட்டுவிட்டு, “இங்க கிழக்கு ஜன்னல் இருக்கே” என்றார்.

ஆக, ராதா, நம் ஸ்டுடியோவுக்கு நாக்பூரில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று இந்தத் தடவை உன்னைக் கேட்க மாட்டேன். வெள்ளைதான்.

இவர் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முகத்தைப் பார்த்த பிறகு திருப்பிப் பார். எடுத்தவர் பெயரைப் படத்துக்குப் பின்னால் எழுதும் வழக்கம் நமக்கு இருந்ததில்லை. நான் எழுதியிருக்கிறேன், நம் இருவர் பெயரையும்.

ஸ்யாமளா